நாக்குக்குத் தெரியாத உப்பு

சமையலறையிலிருந்து 'தூ' என்று துப்பும் சத்தம் கேட்டது. முன்னறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அர்ச்சனா நிமிர்ந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தவள் அவள் தோழி ஃபர்ஹத்.

ஃபர்ஹத் பொன்னேரிக்காரி. இருவரும் அங்கே கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறார்கள். அர்ச்சனாவிடமிருந்து ஆய்வகச் சாவியை வாங்கி வரச்சொல்லிப் பேராசிரியர் அவளை அனுப்பியிருந்தார். இரண்டு முறை தோற்ற ஆய்வுக்கு மூன்றாவது முறை கிடையாதாம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள குப்பத்திலிருந்து படகேறி, பஸ் பிடித்துப் படிக்கப் போன பெண் அர்ச்சனா. அந்தச் சாவியைத் துப்பட்டா நுனியில், தாலியைக் காப்பதுபோல் முடிந்து வைத்திருந்தாள்.

அவள் ஆராய்ந்தது ஒரு பாக்டீரியாவை. அதன் மேலுறையில் பெரிய வாசல், சிறிய வாசல் என்று இரண்டு வகை உண்டு. உப்புக் குறைந்த நீரில் பெரியதைக் கட்டும். உப்பு ஏறினால், உள்ளே இருக்கும் ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்று பெரிய வாசலுக்கான மரபணுவின் முகப்பில் போய் உட்கார்ந்து அதை அடக்கிவிடும். சிறிய வாசலின் மரபணுவை எழுப்பிவிடும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபடுவதையும் திறப்பதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தப் பாடத்தின்மேல் காதல் வராமல் இருக்குமா?

பெரிய வாசலின் மரபணு விழித்திருந்தால் நீலநிறம் காட்டும்படி அமைத்த பாக்டீரியா அது. அதை வளர்க்கும் தட்டுகளில் உப்பில்லாதது நீலமாக வேண்டும். இரண்டு முறையும் அது உப்பிட்ட தட்டைப்போலவே வெளுத்துக் கிடந்தது.

"இன்னாமா, எங்க வூட்டுத் தண்ணி புடிக்கலியா?" வலையை ஒதுக்கிவிட்டுக் கேட்டார் அர்ச்சனாவின் அப்பா வரதன்.

"இது தண்ணியா அங்கிள்? கருவாட்டுக் கொழம்பு மாரி கீது!" வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள் ஃபர்ஹத்.

"முகத்துவாரம் தொறந்ததுலேர்ந்து கெணறு உப்புன்னு வெளியூராளுங்க சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரில. நல்லாத்தான் கீது."

"உங்க நாக்கு செத்துப்போச்சு அங்கிள்."

அர்ச்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஃபர்ஹத்... ரெண்டு வாட்டியும் தட்டுக்கு இந்தத் தண்ணியத்தான்டி ஊத்துனேன்."

"இன்னாது? காலேஜ்ல வடிச்ச தண்ணி இருக்குதே!"

"அது சொட்டுச் சொட்டா ரொம்பறதுக்குள்ள கடைசிப் படகு போயிடும். வூட்லயே காய்ச்சி எடுத்தாந்தேன். நல்ல தண்ணின்னு நெனச்சேன்."

"காய்ச்சுனா உப்பு போவுமாடி லூசு? இன்னும் ஏறும்!"

அப்பாவுக்கும் மகளுக்கும் தெரியாத உப்பு அந்தப் புரதத்துக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டு முறையும் பெரிய வாசலை ஒழுங்காக அடைத்திருக்கிறது. பாவம், அதைப்போய்த் தோல்வி என்றுவிட்டார்கள். அர்ச்சனா சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

சாவியைக் கொடுக்கத் துப்பட்டா முடிச்சை அவிழ்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஃபர்ஹத். "சாவி உன்னாண்டயே இருக்கட்டும்." உள்ளே போய்த் தன் பாட்டிலில் கிணற்று நீரை நிரப்பிக்கொண்டு வந்தாள். "சாருக்கு ஒரு கிளாஸ் இத குடுக்கறேன். அப்பறமும் சாவி கேக்கறாரான்னு பாப்போம். நாளைக்கு வடிச்ச தண்ணி நான் புடிச்சு வைக்கறேன். வெறுங்கையோட வா."

"நண்டு எடுத்துக்கினு போம்மா," என்றார் வரதன்.

"உப்பு நீங்களே போட்டு அனுப்பிடாதீங்க அங்கிள்!"

மணலில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. கடற்காற்று வீட்டுக்குள் மணலை வாரி இறைக்க, அர்ச்சனா சாவி முடிச்சை இறுக்கிக்கொண்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.