ஆண்டியை நடத்திய இரு கைகள்

பொம்மிடியிலிருந்து தருமபுரிக்கு ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருக்கும் பச்சியப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னே சாலையில் பள்ளம் தென்பட்டால், தோளில் தொங்கும் தோல்பையின் வாரை அவருடைய இடக்கைக் கட்டைவிரல் தானாகவே அழுத்தும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகே அந்த விரல் தளரும். ஓட்டுநர் சென்றாயன் இதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பிரேக்கு எங்கிட்ட இருக்குதுங்கண்ணே, உங்க பையில இல்ல" என்று பல தடவை கேலி செய்திருக்கிறார். பச்சியப்பன் சிரித்துக்கொண்டே அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பார். அந்த விரல் எங்கே பழகியது என்பதை அறிந்தவர் அவரைத் தவிர இன்னொருவர்தாம். அவர் தையல்காரர் ஜாவீத்.

ஜாவீத் இந்த ஆண்டு ரம்ஜான் துணிகளை எல்லாம் தைத்துக் கொடுத்து முடித்த வாரத்தில், இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு சற்றே குழறினாலும் விளங்கியது. காலும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. வலக்கை மட்டும் வரவில்லை. கத்தரி பிடித்த கை அது. வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் கோகிலவாணி என்ற பெண், "இந்த மாசங்கள்ல அசைச்சாத்தான் உண்டுங்க. தள்ளிப் போட்டா அப்புறம் கை கேக்காது" என்று கண்டிப்பாகவே சொல்லியிருந்தார். ஜாவீத் அசைக்க மறுத்தார். முயன்று தோற்பதைக் காட்டிலும் முயலாதிருப்பது அவருக்கு மானமாகத் தோன்றியது போலும்.

ஒருநாள் முற்பகல், பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் முன் ஜாவீதின் மனைவி நஜ்மா படியருகே வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு வார்த்தை."

"ஏறி உக்காரும்மா. எப்படி இருக்கான்?"

"நடக்கறாருங்க. கைதான். அதைத் துண்டப் போட்டு மூடி வெச்சிருக்காருண்ணே, மவுத்தானவங்கள மூடி வெக்கிற மாதிரி. எனக்குப் பாக்கவே பயமா இருக்குது."

"நான் வந்து அவ்வளவு பேசினேனேம்மா."

"நீங்க பேசுனீங்க, அவரும் தலைய ஆட்டுனாரு. நீங்க படி எறங்கறதுக்குள்ள மறுபடியும் துண்டு." நஜ்மா சற்றே தயங்கினார். "நேத்து பரண் மேல பாத்திரம் தேடும்போது உங்க பழைய கம்ப்யூட்டர் பொட்டி கீழ வந்துச்சு. அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், 'ஆண்டி இந்நேரம் செத்திருப்பான்'னாரு. யாருண்ணே அந்த ஆண்டி? நம்மூர்ல அந்தப் பேர்ல யாரையும் எனக்குத் தெரியாதே."

பச்சியப்பனின் கை பையின் வாரைப் பற்றிற்று. பிறகு, "தெரிஞ்சவன்தான்மா. ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. வூட்டுக்கு வரேன்" என்றார்.

ஆண்டி மனிதன் அல்லன். ஒளியால் ஆன உருவம். அவன் பொம்மிடிக்கு வந்த காலத்தில் இவர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார்கள். ஜாவீதின் தாய்மாமன் துபாயிலிருந்து வரும்போது, கைக்கு அடக்கமான கரிய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்மேல் வரிசை வரிசையாக ரப்பர் விசைகள் இருந்தன. தொலைக்காட்சியோடு அதைப் பிணைத்து, ஒலிநாடாப் பெட்டியையும் சேர்த்துவிட்டால் அதுதான் கணினி. பாட்டு நாடாக்களைப் போன்ற நாடாக்களிலேயே விளையாட்டுகளும் இருந்தன. ஆனால் அவற்றை ஓடவிட்டால் பாட்டு வராது. செவியைக் கிழிக்கும் கீச்சொலி வரும். திரையின் ஓரமெங்கும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் நடுங்கி நடுங்கி ஓடும். அவ்வொலி முழுவதும் பிசகாமல் உள்ளே சென்று சேர்ந்தால்தான் விளையாட்டுத் திறக்கும்.

அதை முதன்முதலில் கண்ட அன்று பச்சியப்பன் பதறிக் கைகூப்பிவிட்டார். அவர் அதற்கு முன்பு அப்படியொரு நடுக்கத்தைக் கண்டது மாரியம்மன் பண்டிகையில், பூசாரியின் மேல் அருள் இறங்கும்போதுதான். "சாமி ஏறுதுடா!" என்றார். அன்று முதல் அவ்வூர்ச் சிறுவர்கள் அனைவருக்கும் அதுவே சொல்லாயிற்று. நாடா ஓடும்போது சாமி ஏறுகிறது. பாதியில் அறுந்து திரை வெளுத்துவிட்டால் சாமி மலையேறிவிட்டது. ஏறும் வரைக்கும் ஒருவரும் பேசலாகாது; மின்விசிறியைத் தொடலாகாது; மூச்சையும் மட்டாகத்தான் விட வேண்டும். ஜாவீதின் தாயார் சுல்தானா அடுக்களையிலிருந்து, "எங்க வூட்டுக்குள்ள என்னடா சாமி? சைத்தானுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்று ஏசுவார். ஏசிக்கொண்டே அம்மியில் அரைப்பதையும் நிறுத்திவிடுவார்.

சாமி ஏறிய பின் தோன்றுபவன் ஆண்டி. கையில் தடியும் தலையில் தொப்பியுமாக ஒரு சின்னஞ்சிறு உருவம். குகைக்குள் நடந்து, பள்ளங்களைத் தாண்டி, மறுகோடியில் உள்ள கதவை அடைய வேண்டும். வீடு வாசல் இன்றி எந்நேரமும் மலையில் திரிகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவனை யார் ஆட்டுவது என்பதில் இருவருக்கும் நாள்தோறும் அடிதடி. சலித்துப்போன சுல்தானா ஒருநாள் இருவர் காதையும் திருகிப் பலகையின் முன் உட்காரவைத்து, "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். ஒருத்தன் பக்கம் இன்னொருத்தன் கை போச்சுன்னா ஒடிச்சிடுவேன்" என்று தீர்ப்புச் சொன்னார். வலக்கோடியில் இருந்த விசைகள் ஆண்டியை நடத்துபவை, அவை ஜாவீதுக்கு. இடக்கோடியில் இருந்தது தாண்டவைக்கும் விசை, அது பச்சியப்பனுக்கு. ஜாவீத் நடத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தின் விளிம்பில், "தாண்டு!" என்பார். இவர் அழுத்துவார். ஒருவருக்கு நிற்கவும் நடக்கவும் மட்டும் தெரியும். மற்றவருக்குத் தாண்டுவது மட்டும் தெரியும். தனித்தனியே விட்டால் இருவராலும் அவனை ஒரு பள்ளம் கடத்த இயலாது.

பிறகு ஜாவீதின் தந்தையார் காலமானார். பையன் தையற்கடைக்குப் போனான். பச்சியப்பன் வண்டி கழுவப் போய், காலப்போக்கில் நடத்துநரானார். கணினி பரணுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பச்சியப்பன் தம் வீட்டு மூலையில் கிடந்த, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சியைப் போர்வையில் சுற்றித் தம் பேருந்திலேயே ஏற்றினார். "யாருங்கண்ணே இந்தம்மா, இப்படிப் போத்திக்கிட்டு வர்றாங்க? டிக்கெட் போட்டாச்சா?" என்று சென்றாயன் கேட்க, வண்டி முழுவதும் சிரித்தது. ஒலிநாடாப் பெட்டியை மைக்செட் கடை முருகேஷ் கொடுத்தார். "நாடா நல்லாவே ஓடும்; எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றவரிடம், "ஒருத்தனுக்கு வைத்தியம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கூடத்தில் கட்டிலின் மேல் ஜாவீத் சாய்ந்திருந்தார். வலக்கை மடியில் துண்டுக்குக் கீழே கிடந்தது. பச்சியப்பன் ஒன்றும் விளக்காமல், கட்டிலுக்கு எதிரே பெஞ்சைப் போட்டு, பரணிலிருந்து இறங்கிய பெட்டியைத் திறந்து, பலகையையும் பழைய நாடாவையும் எடுத்துவைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலானார். ஜாவீத் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போடா. பைத்தியக்காரன் மாதிரி."

"நான் என்ன உன்னையா ஆடச் சொன்னேன்? எனக்கு ஆசையா இருக்குது, ஆடுறேன்."

மின்சாரம் கொடுத்ததும் திரை கருத்து, நடுங்கி, வெளுத்தது. அடியில் ஒரு வரி ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. அத்தனை ஆண்டு இருளில் கிடந்தும் உயிர் போகவில்லை. ஆனால் அடுத்து எதை அழுத்துவது என்று பச்சியப்பனுக்கு நினைவில்லை. ஒரு விசையைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். திரையில் பொருளற்ற சொற்கள் குவிந்தன.

சுவரைப் பார்த்தபடியே ஜாவீத் சொன்னார்: "ஜே. அப்புறம் அந்தச் செவப்பு எழுத்துப் பட்டனப் புடிச்சிக்கிட்டு, பீ ரெண்டு தரம். கடைசியா எண்டர்."

பச்சியப்பன் திரும்பிப் பார்க்காமல் அவ்வாறே செய்தார். நாடா ஓடிற்று. கீச்சொலி எழுந்தது, திரையோரத்தில் வண்ணக் கோடுகள் ஓடத் தொடங்கின. நஜ்மா காதைப் பொத்திக்கொண்டார். பாதி ஏறியிருக்கும், அப்போது பச்சியப்பனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. நாடாப் பெட்டிக்குள் ஓர் உறுமல் கலந்தது. கோடுகள் கலைந்து திரை வெளுத்தது.

"மலையேறிடுச்சு" என்றார் ஜாவீத். அவர் இப்போது திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போன அந்தாண்ட வெச்சிட்டு வர மாட்டியாடா? அறிவு வேணாம்? சவுண்டக் கொஞ்சம் ஏத்து. அவ்வளவு இல்ல. ஆங், அங்க நிறுத்து."

கைப்பேசியை அணைத்து அடுக்களையில் வைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். மறுபடியும் நாடா. மூவர் நெற்றியிலும் வியர்வை அரும்பிற்று. ஒருவரும் அதைத் துடைக்கவில்லை. கோயில் நடை திறக்கக் காத்திருப்போரின் அடக்கம் அந்தச் சிறு கூடத்தில் நிறைந்திருந்தது. ஒலி நின்றது. கருமையின் நடுவே குகை விரிந்தது. தடியும் தொப்பியுமாக ஆண்டி வந்து நின்றான்.

பச்சியப்பன் பலகையைத் தூக்கிக் கட்டிலின் மேல், ஜாவீதின் முன்னே வைத்தார். தாம் அவருக்கு இடப்புறம் நெருங்கி உட்கார்ந்து, இடக்கோடி விசையின் மேல் கட்டைவிரலை ஊன்றினார். ஜாவீத் தம் இடக்கையை நீட்டப் பார்த்தார். பச்சியப்பனின் தோள் அங்கே சுவர்போல் இருந்தது.

"தள்ளு. கைய நீட்ட வுடு."

"இது என் பக்கம்."

"எனக்கு இன்னொரு கை இல்லடா, தெரியாதா உனக்கு?"

"இந்தப் பக்கம் உன் கை வந்தா ஒடிச்சிடுவேன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க. உனக்கு அந்தப் பக்கம்."

ஜாவீதின் கண்கள் சிவந்தன. பிறகு நஜ்மா துண்டை விலக்கி, அந்தக் கையை இரு கைகளாலும் ஏந்திக் கொண்டுபோய் வலக்கோடி விசைகளின் மேல் வைத்தார். அது மீன் கிடப்பதுபோல் கிடந்தது. ஆண்டி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். ஜாவீதின் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது. நெடுநேரம் சென்று, சுட்டுவிரல் கனத்து இறங்கி விசையை அழுத்திற்று.

ஆண்டி நடந்தான். நடந்தவன் நிற்கவில்லை. அழுத்தத் தெரிந்த விரலுக்கு எடுக்கத் தெரியவில்லை. பள்ளம் வந்தது, ஜாவீத் வாய் திறப்பதற்குள் ஆண்டி விழுந்தான். ஓர் ஆட்டத்துக்கு அவனுக்கு மூன்று உயிர். அடுத்த உயிருடன் எழுந்தவனும் அவ்வாறே ஓடி அவ்வாறே விழுந்தான்.

பச்சியப்பனுக்குப் பொறுக்கவில்லை. கடைசி உயிர் ஓடத் தொடங்கியதும், இரக்கத்தினால் தம் வலக்கையைக் குறுக்கே நீட்டி, நண்பரின் விரலைத் தூக்கிவிட முனைந்தார்.

"தொடாதடா!"

வீடு அதிர்ந்தது. விழுந்த நாள் முதல் அவரிடமிருந்து அப்படியொரு குரல் எழுந்ததில்லை. பச்சியப்பன் கையை இழுத்துக்கொண்டார்.

"என் பக்கம் உன் கை எதுக்குடா வருது? எடு!"

அப்போதுதான் அவ்விரல் நகர்ந்தது. துணியில் சிக்கிய ஊசியை நூல் அறாமல் மெல்ல உருவி எடுப்பதுபோல், நடுங்கி நடுங்கி மேலெழுந்து விசையை விட்டது. ஆண்டி பள்ளத்தின் விளிம்பில், ஒரு தொப்பி அளவு தரை மிஞ்ச, நின்றுவிட்டான்.

நஜ்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஜாவீத் மூச்சு வாங்கினார். பிறகு மறுபடியும் விரலை இறக்கி, "தாண்டு!" என்று கத்தினார்.

ஆண்டி தாண்டவில்லை; பள்ளத்தில் விழுந்தான். ஆட்டம் முடிந்தது. பச்சியப்பன் அழுத்தவே இல்லை. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா பாக்கற மடையா? என் வெரல்லயா பள்ளம் இருக்குது? அங்க பாரு, திரையில பாரு! இத்தன வருசமா வண்டியில போறவனுக்கு ஒரு பள்ளம் தெரியல!"

"தெரியலடா" என்றார் பச்சியப்பன்.

அந்தக் கை இனிக் கத்தரி பிடிக்குமா என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. கோகிலவாணியைக் கேட்டாலும் அன்று உறுதி சொல்லியிருக்க முடியாது. வியர்வையில் வழுக்கிய கை பலகையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தது. நஜ்மா குனிந்தார். ஜாவீத் தலையசைத்து அவரைத் தடுத்தார். இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பற்றித் தூக்கி, தாமே விசைகளின் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கினார்.

"மொதல்லேருந்து போடு" என்றார்.