பெரட்டில் விடுபட்ட பேர்

பிள்ளைகளே, சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிற செப்புத் துண்டைப் பற்றிப் பல தடவை கேட்டுவிட்டீர்கள். "அப்பா, இதுல என்னமோ எழுதிக் கீறி அழிச்சிருக்கே, யாரு?" என்று போன கிழமை மகள் கேட்டபோதும் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

அது உங்கள் அத்தை கொண்டுவந்தது. அவள் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் எஞ்சினியராகச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. அணுவைவிடச் சின்னத் துகள்களை வளைத்து ஓட வைக்கும் மீகடத்திக் காந்தங்களை அங்கே செய்கிறார்கள். கம்பிச் சுருளுக்கு இடையில் செருகும் ஆப்பு இந்தத் துண்டு; அளவு பிசகியதால் கழித்துப் போட்டது. நானும் பண்டாரவளையில் ஒரு கடையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித்தான் உங்களுக்குச் சோறு போடுகிறேன். ஆனால் அவள் சுற்றுவது வேறு. அதை ஒரு குழிக்குள் இறக்கி, நமுனுகுல மலை உச்சிக் குளிரையும் வெந்நீர் என்று சொல்ல வைக்கிற குளிரில் வைத்தால், மின்சாரம் கொஞ்சமும் தேயாமல் ஓடுமாம். மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது கம்பி ஓரிடத்தில் துளி அசைந்தாலும் போதும். சூடேறி, குளிர வைத்த திரவம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியே வரும். முதல் தடவை அப்படி ஆனபோது தன் பிழை என்று அழுதுவிட்டாளாம். பெரிய எஞ்சினியர் சிரித்தாராம். புதுக் காந்தம் அப்படித்தான், தோற்றுத் தோற்று முன்னைவிடக் கூடுதலாகத் தாங்கப் பழகும் என்றாராம். "எங்க அடிபட்டுச்சுன்னு அது மறக்காதுண்ணே" என்று போனில் சொன்னாள். எனக்கு அது மட்டும் நன்றாக விளங்கியது.

காலையில் அந்தக் குழியருகே எல்லோரும் கூடி அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். அவள் ஒருநாள் வாய்தவறி அதைப் பெரட்டு என்று சொல்ல, கூட வேலை செய்பவர்களும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "வெள்ளைக்காரனுங்க பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடி வர்றானுங்கண்ணே!" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவும் அம்மாவும் விடியலில் பேர் கொடுத்து வேலை வாங்க நின்ற இடம் பெரட்டு. எங்கள் விஞ்ஞான சேர் அதை வகுப்புக்குள் கொண்டுவந்தார். வரவு கூப்பிடும்போது, தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வரும் லயத்துப் பிள்ளைகளின் பேர்களை வாசிக்கவே மாட்டார். "இவையின்ர பேரைப் பெரட்டில கூப்பிடுவினம். இஞ்ச ஏன்?" என்பார். டவுன் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் நான் எழுந்து, "சேர், நான் இருக்கேன்" என்றேன். "இருந்து என்ன செய்யப் போறாய்? அங்க தேயிலை உன்னைத் தேடுது" என்றார். மறுநாள் நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டில் நின்றேன். சில வருஷம் கழித்து என் தங்கையும் அவரிடம்தான் படித்தாள். அவள் பேரையும் அவர் கூப்பிடவில்லை. ஆனால் அவள் என்னைப் போல எழுந்து போய்விடவில்லை.

இந்த வருஷம் லீவில் வந்தவளைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் வேனிலேயே சொல்லிவிட்டேன். "அந்த மனுசன நாலு கேள்வி கேக்காம மேடைய விட்டு எறங்காத." "பாக்கலாம்ணே" என்றாள். ஓய்வு பெற்ற சேர்தான் அவளுக்கு மாலை போட்டார். "இது நான் வளர்த்த பிள்ளை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

அவள் காந்தத்தைப் பற்றிப் பேசினாள். வெள்ளைக்காரர்களின் பெரட்டைச் சொன்னபோது சனம் சிரித்தது. பிறகு மைக்கைக் கழற்றிச் சேரின் கையில் கொடுத்தாள்.

"சேர், இன்னைக்குப் பெரட்ட நீங்க எடுங்க. உங்ககிட்டப் படிச்ச லயத்துப் புள்ளைங்க பின்னால உக்காந்திருக்காங்க. எல்லார் பேரும் வேணாம். ஒரே ஒரு பேரு சொல்லுங்க."

சேர் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். "முகம் எல்லாம் ஞாபகம்..." என்று இழுத்தார்.

"மூஞ்சி இல்லீங்க சேர், பேரு!" என்று பின்வரிசையில் என்னோடு படித்தவள் ஒருத்தி கத்தினாள். மண்டபமே சிரித்தது. அன்று எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பேதான். அவர் மைக்கைக் கீழே இறக்க, அது உறுமியது. தங்கை அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல சேர், உக்காருங்க" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வயிறு குளிர்ந்தது. திரும்பும்போது வேனில் அவள் அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை; கேட்டால் என் சந்தோஷம் போய்விடும் என்று பயம்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போயிருந்தீர்கள், உங்கள் அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். நான் கடைக்குப் போகவில்லை. செப்புத் துண்டை எடுத்து, ஓர் ஆணியால் அதில் சேருடைய பேரை முதலெழுத்தோடு முழுதாக எழுதினேன். ஓர் எழுத்தும் எனக்கு மறக்கவில்லை. பெரட்டில் கூப்பிடுவதுபோல அதை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. பிறகு எந்த எழுத்தும் அடையாளம் தெரியாமல் போகும்வரை அதைக் கீறினேன்; செப்புத் தூளை ஊதிவிட்டு, துண்டைத் திரும்பச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.