துடைக்காமல் விட்ட குரல்

பேய் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? எனக்கு நடந்தது பட்டப்பகலில். டியூப்லைட் வெளிச்சத்தில், ஏ.சி. இரைச்சலில், அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இந்த வயதில் யாரோடும் வாதாட எனக்குத் தெம்பில்லை. நடந்தது நடந்ததுதான்.

என் வேலை கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில். கர்னல் என்பார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்களைக் குடிவைப்போம். ஒவ்வொன்றும் முழு வீடும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். புதிதாக வந்த சிப்பில் வெக்டர் ரெஜிஸ்டர்கள் என்று முப்பத்திரண்டு அகலமான அறைகள். ஒரே மூச்சில் கட்டுக்கட்டாக எண்களைப் போட்டுக் கணக்குப் பார்க்கலாம். அவற்றைக் குடியிருப்பவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். ஒரே நிபந்தனை, புது ஆள் நுழையுமுன் அறைகளைத் துடைத்துவிட வேண்டும். பழைய ஆளின் சாமான் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. எல்லாம் பூஜ்யம்.

துடைக்கும் நிரலை எழுதியவன் மீசை. மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. போன மாதம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தான். படிக்கட்டுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பொழுதோட அனுப்பிடுங்கக்கா" என்று அவன் மனைவி என்னிடம் கெஞ்சியிருந்தாள். எனக்கு அந்த ஒரு கவலைதான். வேலை எப்படியோ போகட்டும், இவன் வீடு போய்ச் சேர வேண்டும்.

அன்று மத்தியானம் என் ஃபோனை வாங்கி மனைவியிடம் "சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு" என்றான். பிறகு சோதனையில் உட்கார்ந்தோம். பூஜ்யம் வரவில்லை.

"என்னடா இது?"

"துடைச்சேனேக்கா."

பார்த்தால், பழைய சிப்பின் குறுகலான அளவுக்கே துடைத்திருந்தான். மீதி முக்காலே மூணுவீசம் அப்படியே கிடந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருமே ஒரு தடவையாவது செய்கிற தப்பு. ஆனால் மீதியில் குப்பை இருந்ததுதான் வினோதம். அந்தப் பெட்டி அன்று காலைதான் அட்டையைப் பிரித்து வந்தது. எங்களுக்கு முன் அதில் யாரும் குடியிருந்ததே இல்லை.

"யார் விட்டுட்டுப் போன குப்பை?"

"காதால கேட்டுடலாம்க்கா."

அது அவன் வழக்கம். எண்களை ஒலியாக்கிக் கேட்பான். வெறும் குப்பையென்றால் இரைச்சல் வரும். அர்த்தமுள்ளதென்றால் ஒரு தாளம் வரும். முப்பத்திரண்டு அறைகளும் சேர்ந்தால் டெலிஃபோன் தரத்தில் சரியாக ஒரு வினாடி.

கர்ர்...

"கேக்குதுக்கா."

நான் அவனைப் பார்த்தேன். அவன் வாய் மூடியிருந்தது.

குரல் விட்டுவிட்டு வந்தது. துடைத்த இடமெல்லாம் கத்தரித்த மாதிரி.

"உன் குரல்டா."

"எனக்கா? இவ்ளோ நல்ல குரலா?"

பொய்க் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஏற்றினோம். இன்னொரு வினாடி.

"லிஃப்ட் வாசல்ல."

மறுபடி.

"ஏன், என்னாச்சு?"

மறுபடி.

"சரிக்கா... ஏறல."

அதற்குப் பிறகு எத்தனை தடவை ஏற்றினாலும் பூஜ்யம். நிரலில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் தொடவில்லை. அதுவாகவே பூஜ்யம்.

எனக்கு ஒரு பழக்கம். பஸ்ஸில் யாராவது ஃபோனில் பேசினால் மறுமுனையை நானே மனசுக்குள் பேசிவிடுவேன். இதையும் நிரப்பிப் பார்த்தேன். கேக்குதா? எங்க இருக்க? அதோடு நின்றுவிட்டது.

"என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு அந்தப் பக்கம் என்னடா சொல்லியிருப்பா?"

"உங்கள மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியா இருக்கும்."

சிரித்தோம். அலுப்பில் வந்த சிரிப்பு. ஆளில்லாத பெட்டியில் அவன் குரல் எப்படி வந்தது என்று உட்கார்ந்து யோசிக்க இரண்டு பேருக்கும் சக்தியில்லை. அகலத்தைச் சிப்பிடமே கேட்டுத் துடைக்கும்படி நிரலைத் திருத்தினோம். அவனை விரட்டினேன். கிளம்பினான்.

மேஜையில் அவன் மூக்குக்கண்ணாடி.

கண்ணாடியில்லாமல் ரோட்டைக் கடக்க மாட்டான். ஃபோனை எடுத்துக் கூப்பிட்டேன். மணி ஆறு பத்து.

கர்ர்...

"மீசை, கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"எங்க இருக்க?"

"லிஃப்ட் வாசல்ல."

அதே குரல். அதே கத்தரிப்பு. இதற்குப் பிறகு பூஜ்யம்... அந்த லிஃப்டில்தான் ஏதோ...

"ஏறாத!"

"ஏன், என்னாச்சு?"

"சொன்னா கேளு. லிஃப்ட்ல ஏறாத. ஏறாதடா!"

"சரிக்கா... ஏறல."

டக்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

சாய்ந்த பிறகுதான் உறைத்தது. மத்தியானம் நிரப்ப முடியாமல் நின்ற மறுமுனை... அது நான்.

லிஃப்டில் ஏறவில்லையென்றால்...

ஐந்து மாடி...

படிக்கட்டு.

ஓடினேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கிடந்தான்.

கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மூச்சில்லை.

லிஃப்டுக்கு ஒன்றுமில்லை. அன்று ராத்திரிவரை ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். நான்தான்மா ஏறாதேன்னேன், என்னாலதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அலமாரியைக் காட்டினாள். சார்ஜரோடு அவன் ஃபோன்.

"அன்னிக்குக் காலைலயே இங்க மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்க்கா."

"அன்னிக்கா?"

"ஆமா. சாயங்காலம் நீங்க கூப்பிட்டீங்களே, நான்தான் எடுத்தேன். ஹலோ ஹலோன்னு கத்தறேன், உங்க காதுல விழவே இல்ல. நீங்கபாட்டுக்கு ஏறாத ஏறாதன்னு சொல்லிட்டிருந்தீங்க."

கையிலிருந்த கண்ணாடியை நீட்டினேன்.

"நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசினீங்க. யாரோ பதில் சொல்ற மாதிரி..."

கண்ணாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யார்க்கா அது?"