பிப்ரவரி முப்பதில் செத்தவர்கள்

பாறசாலையில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், கட்சிக் கூட்டம், பரீட்சையில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கின பிள்ளை என்று எல்லாத்துக்கும் பேனர் அடிப்பேன். ஆனால் கடையை ஓட வைப்பது செத்தவர்கள்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், அடக்கத்துக்கு முன்னாலேயே ஜங்ஷனில் அவர் படம் தொங்கியாக வேண்டும். ஆதராஞ்சலி போஸ்டர் ஒன்றை இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுப்பேன். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முப்பது பேர். கார்புரேட்டர் எங்கே கிடைக்கும், கிளட்ச் கேபிள் யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் ஆரம்பித்தோம். ஆனால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து வரை அதில் ஸ்கூட்டர் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வெறும் அரட்டை மட்டும்தான். மீன்குழம்பு அன்றைக்கு ருசியா மறுநாள் ருசியா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டிருக்கிறோம். தமிழில் திட்டினால் மலையாளத்தில் பதில் வரும்.

நாலு மணிக்கு ஹாஜர் வைக்க வேண்டும். "உண்டு" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். மூன்று நாள் தொடர்ந்து "உண்டு" போடாதவன் செத்தவன். அவனுக்கு நான் போஸ்டர் அடித்துக் குழுவில் போடுவேன். உடனே ஒப்பாரி தொடங்கிவிடும். "நல்ல மனுஷனாக்கும், போறப்ப எனக்க பத்தாம் நம்பர் ஸ்பானரையும் கொண்டு போயிட்டான்" என்று ஒருவன் அழுவான். செத்தவன் திரும்பி வந்து, அழுத அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நானே இரண்டு தடவை செத்திருக்கிறேன்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. அடக்கத் தேதி பிப்ரவரி முப்பதாக இருக்க வேண்டும். போஸ்டர் தப்பித்தவறி வெளியே போனாலும், தேதியைப் பார்த்தால் விளையாட்டு என்று தெரிந்துவிடும். இந்த யோசனையைச் சொன்னவன் திருப்புறத்துக்காரன் ஒருவன். எலக்ட்ரீஷியன். குழுவில் இருக்கிற முப்பது பேரில் எனக்கு ரொம்பப் பிடித்தவன் அவன்தான். அவன் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

அவன்தான் மூன்று நாளாக "உண்டு" போடவில்லை.

நாலாம் நாள் காலையில் சர்ச் சபையில் இறந்துபோன பெரியவர் ஒருவருக்கு நிஜமான போஸ்டர் அடித்துக் கொடுத்தேன். அது ஸ்கிரீனிலேயே கிடந்தது. அதில் படத்தையும் பெயரையும் மாற்றினேன். திருப்புறத்துக்காரனின் சிரித்த முகத்தைச் சுற்றி மாலை போட்டேன். பதினொன்றரைக்குக் குழுவில் தட்டிவிட்டு, யார் முதலில் அழுகிறான் என்று பார்த்துக்கொண்டே சாயா குடித்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் பெருங்கடவிளைக்காரன் கூப்பிட்டான். அவனும் குழுவில் உள்ளவன்தான். குரல் சரியில்லை.

"எலே, நீ தேதி மாத்தலியா?"

எனக்குப் புரியவில்லை. போஸ்டரைத் திறந்து பார்த்தேன். பெரியவருடைய தேதி அப்படியே இருந்தது. இன்று மாலை நாலு மணிக்கு அடக்கம். மூலையில் என் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. விளையாட்டுப் போஸ்டரில் அதை எடுத்துவிடுவேன். அன்றைக்கு அதையும் எடுக்கவில்லை.

"நான் சிரிச்சிட்டு எனக்க மச்சானுக்கு அனுப்பினேன். அவனுக்கும் நம்ம திருப்புறத்துக்காரனுக்கும் சொந்தமுண்டு. உள்ளதுன்னு நெனச்சு அவங்க சொந்தக்காரங்க குரூப்பில போட்டிருக்கான். எலே, அதில்லை காரியம். திருப்புறத்துக்காரனுக்க அப்பனுக்கு நெஞ்சைத் தொறந்து ஆப்பரேஷனாக்கும். காரக்கோணம் ஆஸ்பத்திரியில கெடக்காரு. இவந்தான் கூட இருக்கான், அதான் நம்ம குரூப்புக்கு வரல்ல. அந்த சொந்தக்காரங்க குரூப்பில அவனுக்க அப்பனும் உண்டு."

திருப்புறத்துக்காரனைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் கூப்பிட்டேன். அதே பெண்குரல்தான் பதில் சொன்னது.

குழுவில் அழித்தேன். அழித்து என்ன புண்ணியம்? கடையைப் பூட்டாமல் ஓடினேன். என் ஸ்கூட்டரை இடப்பக்கம் சாய்த்து, ஐந்து எண்ணி, நிமிர்த்தி உதைத்தால்தான் உயிர் வரும். அன்றைக்கு மூன்று தடவை சாய்த்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கிளம்பியதும் காரக்கோணம் ரோட்டில் எந்த வளைவில் ஹாரன் அடித்தேன், எதில் அடிக்கவில்லை என்று ஞாபகமில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த மனுஷன் போனைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் கிடந்தார். மகனுடைய அதே மூக்கு. நெஞ்சின் மேல் ஒரு சின்னத் தலையணையை இடது கையால் அணைத்திருந்தார். வலது கையில் போன். ஸ்கிரீன் அணைந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மாமா, நான் உங்க மகனுக்க கூட்டுக்காரன்."

அவர் என்னைப் பார்த்தார். போனைக் காட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. அதிலிருந்தே எல்லாம் தெரிந்துவிட்டது.

"மாமா, அது உள்ளதில்லை. நாங்க வெளையாட்டுக்கு செய்யதாக்கும். நாந்தான் அடிச்சேன். அவனுக்கு ஒண்ணும் இல்லை."

"அவன் எங்க?" என்றார்.

எனக்கும் தெரியாதே. குளித்து, உடுப்பு எடுத்து வருகிறேன் என்று காலையில் ஸ்கூட்டரில் திருப்புறத்துக்குப் போனானாம். அவரும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் போனவனுக்கு மதியத்துக்குள் போஸ்டர் வருமா என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் வரும். நான்தான் இருபது நிமிஷத்தில் அடிக்கிறேனே.

"அர மணிக்கூறா இதப் பாத்துட்டு கெடக்குதேன் மக்கா," என்றார். "நர்ஸிட்ட கேக்கல்ல. பக்கத்துக் கட்டில்ல உள்ளவங்ககிட்டயும் கேக்கல்ல. கேட்டா ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா?"

அரை மணி நேரம் அப்படிக் கிடந்த மனுஷனுக்கு முன்னால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வரும் வரை அவர் என்னை நம்பப்போவதில்லை. எனக்கும் அதற்குள் ஒரு கெட்ட நினைப்பு வந்துவிட்டது. நான் அடித்த போஸ்டர் வழியில் எங்கேயாவது உண்மையாகியிருந்தால்?

வார்டு வாசலில் அவன் வந்தான். தலைமுடி ஈரம் காயவில்லை. கையில் ஒரு பையும் ஃபிளாஸ்கும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எலே, நீ எங்க இங்க? எனக்க போனில சார்ஜ் இல்ல…" என்று கட்டிலருகே வந்தான். அவன் அப்பா தலையணையை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அப்புறம் விடவில்லை. அவன் குனிந்து அவர் போனை எடுத்துப் பார்த்தான். தன் படத்தையும், மாலையையும், தேதியையும். எவனையும் தன் வாய்க்குத் தப்ப விடாதவன், என்னைப் பார்த்து இரண்டே வார்த்தைதான் சொன்னான்.

"நீ போலே."

அன்று சாயங்காலம் அவன் குழுவை விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் யாரையும் சாகடிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு அவனுக்கு எத்தனையோ மெசேஜ் அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை.

ஆனால் மறுநாள் சரியாக நாலு மணிக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. "அவன் உண்டு." அவ்வளவுதான். அவன் அப்பாதான்; என் நம்பர் போஸ்டரின் மூலையிலிருந்து கிடைத்திருக்கும். ஹாஜர் வைக்கிற வழக்கத்தை மகன் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் வந்தது. மன்னித்துவிட்டாரா, இல்லை தினமும் குத்திக் காட்டுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலு மணி ஆனால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு போனைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் நாலு மணிக்கு வரவில்லை. நாலு ஐந்துக்கும் வரவில்லை. நாலேகாலுக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். யாரிடமாவது கேட்கலாம் என்று பெருங்கடவிளைக்காரன் நம்பரை எடுத்தேன். எடுத்துவிட்டு, கூப்பிடாமல் வைத்தேன். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? நாலு இருபத்தைந்துக்கு மேல் தாங்க முடியாமல் அவன் அப்பாவையே கூப்பிட்டேன்.

"மாமா, மெசேஜ் வரல்ல. அவன்…"

"இங்கதான் நிக்கான். ஃபேன் மாட்டிட்டு இருக்கான்."

நான் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எத்தற மினிட் ஆச்சு?" என்றார்.

"இருபத்தஞ்சு."

"எனக்கு அர மணிக்கூறாக்கும் மக்கா."

போனை வைத்துவிட்டார். சரியாக ஐந்து நிமிஷம் கழித்து மெசேஜ் வந்தது. அவன் உண்டு.