பாய் சொன்ன மிளகு விலை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பார் அப்பா. பிழைப்பும் மூக்கிலேயே அமைந்தது. கொரோனா காலத்தில் ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சேலத்திலிருந்து ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. நோய் கண்டவர்களின் மூக்கில் குச்சி விட்டு வைரஸ் பரிசோதனைக்குச் சளி எடுப்பேன். கையில் ரத்தமும் எடுப்பேன். யாருக்கு நுரையீரல் கெடப்போகிறது என்பதை, மூச்சு முட்டுவதற்கு முன்பே ரத்தத்தில் ஏறுகிற ஏதாவது ஒரு பொருள் காட்டிக்கொடுக்குமா என்று அவர்கள் தேடினார்கள். ஐஸ் பெட்டியில் குழாய்களை அடுக்கி ஜீப்பில் அடிவாரத்துக்கு அனுப்புவோம். எஸ்டேட் பிள்ளைகள் குச்சி ஐஸ் என்று நினைத்து ஜீப்பின் பின்னால் ஓடிவரும். இன்று நினைத்தால் அந்தப் பெட்டியின் மேல்கூட ஏக்கம் வருகிறது.

மாலையானால் என் வேலை போன். வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுகிறவர்களைக் கூப்பிட்டு, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "பரவால்லீங்க." இருமலுக்கு நடுவிலும் அதையே சொன்னார்கள். ஆராய்ச்சி டாக்டர் மதுரைக்காரர். "உங்க மலைக்காரங்க நல்ல தெம்பு, சிஸ்டர்," என்று சந்தோஷப்பட்டார்.

"தெம்பும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க சார். எங்க ஊர்ல பாடையில படுத்திருக்கறவரக் கேட்டாலும் பரவால்லீங்கன்னுதான் சொல்லுவாரு," என்றேன்.

நலம் விசாரிக்கிறவரிடம் குறை சொல்வது எங்களுக்கு மரியாதை இல்லை. நானும் அப்படித்தான். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்ப மூச்சப் பத்திக் கேக்காதீங்க. வேற எதையாவது கேட்டு நாலு வார்த்தை பேச வையுங்க, மூச்சு தானா தெரிஞ்சிரும்," என்றார். கெட்டிக்காரர்.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் பாய்க்கு நோய் வந்தது அந்த வாரம்தான். சம்சாரம், மகள் பிரசவத்துக்காகச் சேலம் போயிருந்ததால் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் தனியாகக் கிடந்தார். மூக்கில் குச்சியை விட்டபோது, "ஏனுங்க கண்ணு, போன மாசம் தின்ன பிரியாணியத் தேடறீங்களா?" என்று கேட்டவர் அவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவரைப் பேச வைக்க எனக்குக் கிடைத்த கேள்வி, மிளகு என்ன விலை என்பது. இந்த வருஷத்து மழையில் தொடங்குவார். எந்த எஸ்டேட்டில் கொடி பட்டுப்போனது, சேலத்து மண்டிக்காரர்கள் என்ன சதி செய்கிறார்கள் என்று சுற்றோ சுற்று என்று சுற்றி, கடைசியில்தான் விலைக்கு வருவார். "வெலையச் சொல்லுங்க பாய், எனக்கு இன்னும் பத்துப் பேருக்குப் பேசோணும்," என்று கத்துவேன்.

ஒரு நாள் வழக்கம்போலக் கேட்டேன்.

"பாய், மெளகு என்ன வெலைங்க?"

"பரவால்லீங்க கண்ணு."

"நான் மெளகு வெலையக் கேட்டேன் பாய்."

"பரவால்லீங்க."

மீதிப் பத்துப் பேரை அப்படியே விட்டுவிட்டேன். ஆம்புலன்ஸோடு போய் இறங்கினேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், உதடு கறுத்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க முந்தின நாள் நாங்கள் கொடுத்தனுப்பியிருந்த, விரலில் மாட்டும் கருவியைக் காணோம். பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். "ஆஸ்பத்திரிச் சாமான்... பாழாயிடக் கூடாதுங்களே," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆக்சிஜன் வைத்து மலையிறக்கிச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர்கள் தேடிய பொருள் பாயின் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். ரத்தத்தை மிளகு முந்திக்கொண்டது.

அங்கே அவர் சம்சாரத்தை வார்டுக்குள் விடவில்லை. தினமும் அந்தம்மா எனக்குத்தான் போன் செய்வார். பாய் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் சொன்ன அன்றும் போன் வந்தது.

"ஏனுங்க கண்ணு, அவுரு எப்படி இருக்கறாருங்க?"

"பரவால்லீங்கம்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நானும் இந்த மலைக்காரிதானுங்க கண்ணு. நெசத்தச் சொல்லிப்போடுங்க."

"நொம்பக் கஷ்டமா இருக்குதுங்கம்மா," என்றேன். இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அந்த நோய்க்காலம் முழுவதும் நான் வாய்விட்டு அழுதது அன்று மட்டும்தான்.

பாய் பிழைத்துவிட்டார். ஆராய்ச்சி முடிந்தது, டாக்டர் ஊருக்குப் போனார், நானும் சேலத்துக்கே வேலை மாறி வந்துவிட்டேன். அத்தனை பேர் செத்த காலத்தை நினைத்து ஏங்குவது சரியில்லை என்று தெரியும். இருந்தாலும் மாலையானால் யாருக்காவது போன் போட்டு மிளகு விலை கேட்க வேண்டும்போல இருக்கிறது.

போன மாதம் அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைக்க மேலே போயிருந்தேன். திரும்பும்போது ஒண்டிக்கடையில் பஸ் நின்றிருந்தது. கடையில் சம்சாரம் காப்பித்தூள் நிறுத்துக்கொண்டிருக்க, பாய் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

"பாய், மெளகு என்ன வெலைங்க?"

முகம் மலர்ந்தது. "இந்த வருஷம்... மழை..." என்று தொடங்கினார். இரண்டு வார்த்தை, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு. மறுபடி இரண்டு வார்த்தை. சம்சாரம் தராசை அப்படியே விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தார். கண்டக்டர் "சேலம், சேலம்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் அசையவில்லை. கொடி, எஸ்டேட், மண்டி என்று ஒன்றையும் விடாமல் சொன்னார் பாய். முதல்முறையாக நான் அவரை அவசரப்படுத்தவில்லை. விலைக்கு அவர் வந்து சேர்வதற்குள் பஸ் போய்விட்டது.