ஆறிய இன்ஜின்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் கடைகளுக்குப் பதினெட்டு வருடமாக வேனில் மசாலா கொண்டுபோய்ப் போடும் ரஹ்மத்நிஸா, தனக்கென்று ஒரு பழைய கார் பார்க்கப் போனாள். அந்த ரக இன்ஜினில் செயின் தளர்ந்துவிடும், ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால் கடகடக்கும், சூடேறிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா அக்கா,” என்றான் விற்பனையாளன் உமைர்.

“ஓட்டப்போறது நான்.”

பானட்டில் கை வைத்தாள். சுட்டது. அவள் வருவதற்குள் ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறான்!

“ஆறட்டும்,” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு தானே கிளப்பினாள். கடகடவென்று அலறியது.

“காரை ரோட்டுல ஓட்டுற சிஓஇ பர்மிட்டே மூணு வருஷத்துல முடிஞ்சிடும்க்கா. அதுவரைக்கும் தாங்கும்லா.”

“செயினை மாத்திட்டுக் கூப்பிடு தம்பி. அன்னிக்கும் இதே நாற்காலியிலதான் உக்காருவேன்.”