கப்பலுக்கு அடியில் ஒரு செருப்பு

தினேஸ்வரி ஏழு வருடம் ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இயந்திரம் அந்த நொடியே நிற்கும். இப்போது ஈப்போ கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ஊஞ்சல் கப்பலை ஓட்டுகிறாள். இங்கேயும் அதே சிவப்புப் பொத்தான்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று கப்பலில் ஆடிய ஒரு பையனின் செருப்பு கழன்று கீழே விழுந்தது. ஒரு செருப்புக்காக அவன் அப்பன் வேலியைத் தாண்டிக் கப்பலுக்கு அடியில் ஓடினான். தினேஸ்வரி பொத்தானை ஓங்கி அமுக்கினாள். மோட்டார் அடங்கியது. கப்பல் அடங்கவில்லை, நாற்பது பேரின் கனத்தோடு திரும்பி வந்தது. பிரேக் பிடித்தும் ஏழெட்டு ஆட்டம் ஆடித்தான் நிற்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள்தான் காதில் வாங்கவில்லை.

"அண்ணே, படுங்க! எந்திரிக்காதீங்க லா!"

அவன் குப்புற விழுந்தான். கப்பலின் அடிப்பாகம் அவன் முதுகை உரசுவதுபோல் போனது, வந்தது, மறுபடி போனது. இனி அமுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அவள் கை பொத்தானைவிட்டு வரவில்லை.

ஒருவழியாகக் கப்பல் நின்றது. அவன் எழுந்து, செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவளை முறைத்தான்.

"ஒரு பட்டன் அமுக்க இவ்வளோ நேரமா லா?"